கொல்லைப்புறத்துப் புல்லட்

கடலோர ஊர்களில் ஒரு வீட்டின் சரித்திரம் தெரிய வேண்டுமானால் கூடத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டும். காரைக்கால்மேட்டிலும் அப்படித்தான். கிழிந்த வலை ஒரு குவியல், உடைந்த ஃபைபர் படகின் ஒரு துண்டு, உருட்டி வைத்த கயிறு, அதன்மேல் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கும் கோழி. ஓலைச் சார்ப்பின் கீழே, நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பெரிதாக ஏதோ ஒன்று நிற்கும். தார்ப்பாயை விலக்கினால் வயிறு பெருத்த பெட்ரோல் டாங்க். நெற்றியில் ஒற்றைக் கண். தரையோடு ஒட்டிப்போன இரண்டு டயர்கள். புல்லட் மோட்டார் சைக்கிள்!

இப்படி ஒரு வண்டி நிற்கிற வீட்டில், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு சம்பாஷணை நடந்தே தீரும்.

“பழைய இரும்புக்காரர் இன்னைக்கும் வந்து கேட்டுட்டுப் போறாருங்க. போட்டுடலாமா?”

“போடுறதா? அப்பா ஓட்டின வண்டி! நாலு காசு செலவு பண்ணினா தினம் ஆபீசுக்கே ஓட்டிக்கிட்டுப் போகலாம்.”

“நாலு காசா? போன வருஷமும் இதே நாலு காசுதான் சொன்னீங்க!”

இருவர் பக்கத்திலும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. வண்டியை ஓட வைக்க முடியும் என்கிற வரையில் கணவர் சொல்வது சரி. நாலு காசில் முடியாது என்கிற வரையில் மனைவி சொல்வது சரி. ஆனால் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பணத்தை முதலில் எதில் போடுவது? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெயிண்டில் போடுகிறார்கள். பெட்டி நிறையப் பணத்தோடு ஆரம்பித்து, டாங்க் பளபளவென்று மின்னும் கட்டத்தில் கை வறண்டு போகிறது. பிரேக்குக்கு வரும்போது, “இருக்கட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஆகிவிடுகிறது. தினமும் வேலைக்குப் போக வேண்டிய வண்டிக்கு இந்த வரிசை தலைகீழ். எனக்குக் கோபம் வருவதும் இதற்காகத்தான்.

ஊசி செய்த ஊரிலிருந்து

வண்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தையல் பழகிய பெண்மணிகளுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் தையல் ஊசிக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஊசி செய்து கொண்டிருந்த ஒரு குடும்பத் தொழில், சைக்கிளுக்குத் தாவி, கைமாறி, ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் பெற்று, 1901-இல் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. ‘புல்லட்’ என்ற பெயரை ஒரு வண்டிக்குச் சூட்டியது 1932-இல்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு அடுத்த ஆண்டு, 1955-இல், சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டதுதான் இதற்கு முக்கியக் காரணம். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே தயாராயின. இதில் விசித்திரம் என்னவென்றால், தாய்வீட்டில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டுவிட்டது. மகள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள்! 1994-இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போயிற்று. புல்லட் என்ற பெயரில் இன்றும் புது வண்டிகள் வருகின்றன. ஆனால் உள்ளே இருப்பது வேறு எஞ்சின். வார்ப்பிரும்புச் சிலிண்டர் பூட்டிய பழைய எஞ்சின் 2010 வாக்கில் விடைபெற்றுக்கொண்டது. நம் கொல்லைப்புறத்தில் நிற்பது பெரும்பாலும் அந்தப் பழையதுதான்.

அந்த எஞ்சினின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள உரலையும் உலக்கையையும் நினைத்துக்கொண்டால் போதும். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 90 மில்லிமீட்டர். வாய் குறுகிய உரலில் நீள உலக்கை போட்டு இடிப்பது போல. அதனால்தான் மற்ற வண்டிகள் ‘உர்’ரென்று கத்தும்போது, இது ‘டக்... டக்... டக்’ என்று நிதானமாக நெல் குத்துகிறது. 346 சி.சி. எஞ்சின், 18 குதிரைச் சக்தி. இன்றைக்கு இதைவிடப் பாதி அளவு எஞ்சின்களே இந்தச் சக்தியைத் தருகின்றன. ஆனால் அவசரப்படாமல் நாள் முழுதும் இழுத்துக்கொண்டு போகிற குணம் இதற்கு உண்டு. ஊர் விட்டு ஊர் போகிற நெடும்பயணக்காரர்கள் இதைக் கட்டிக்கொண்டு அழுததற்கு அதுதான் காரணம்.

போர்த்தியதால் வந்த வினை

வண்டி ஓடித் தேய்ந்தால் அதற்குக் கணக்கு உண்டு. ஓடாமல் நின்று கெடுவதற்குக் கணக்கே கிடையாது. அதிலும் கடற்கரையில் நின்றால்!

வெள்ளை உப்புத் தூள் ஒன்றும் இரும்பைத் தின்றுவிடுவதில்லை. அதற்கு ஈரம் வேண்டும். காற்றிலுள்ள ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும், சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்புகள் இன்னும் பேராசைக்காரர்கள். அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் இராத்திரி முழுவதும் காற்றில் ஈரந்தான். ஆகவே அலையிலிருந்து பறந்து வந்து வண்டியின்மேல் படியும் உப்பு, ஒவ்வோர் இரவும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீராகி, விடிய விடிய இரும்பை அரித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது தார்ப்பாய் விஷயத்துக்கு வருவோம். வண்டிமேல் வைத்த பாசத்தால் யாரோ அதைத் தரைவரை இழுத்துப் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மண்ணிலிருந்து எழும் ஈரம் உள்ளே போகிறது. வெளியே வர வழியில்லை. பகலில் வெயிலில் புழுங்கி, இரவில் வேர்த்து, தார்ப்பாயின் உட்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வண்டியின்மேலேயே விழுகிறது. திறந்து போட்டிருந்தால்கூட மழை அவ்வப்போது உப்பைக் கழுவிவிட்டிருக்கும், காற்று உலர்த்தியிருக்கும். ஒழுகாத கூரையின் கீழே, நான்கு பக்கமும் காற்றோட்டமாக, மண் தரையில் இல்லாமல் ஒரு பலகைமேல் நிறுத்திவைத்த வண்டி, இறுகப் போர்த்திய வண்டியைவிட நன்றாகவே இருக்கும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது காரைக்கால் கடற்கரைக் கிராமங்களுக்குள் கடல் புகுந்தது. உயிர்களைப் பறிகொடுத்த ஊர்களில் வண்டியைப் பற்றி யார் கவலைப்பட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் அன்று கடல் நீரில் மூழ்கிய பிறகு அப்படியே விடப்பட்ட வண்டியா உங்களுடையது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூழ்கிய வண்டி என்றால் எஞ்சினுக்குள் பேரிங்குகள், தண்டு, கியர்ப் பற்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்காமல் எந்தக் கணக்கும் போடக் கூடாது.

முதலில் காகிதம்

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் பீரோவைத் திறக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? யார் பெயரில் இருக்கிறது?

சொந்த உபயோகத்து மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியுள்ளது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் கட்டணமும் பழைய மாதிரி இல்லை. 2022 ஏப்ரலில் ஒரு முறை ஏறியது. 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் மறுபடியும் ஏறியது. பதிவு காலாவதியாகி நெடுநாள் ஆகியிருந்தால் தாமதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். போக்குவரத்து அலுவலகத்தில் வண்டி எண்ணைச் சொல்லி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

வண்டிக்காரர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசின் பெயருக்கு மாற்ற 31-ஆம் எண் படிவம். சட்டப்படி மரணத்துக்கு 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இந்த நினைவு வரும்? வருஷக்கணக்கில் தள்ளிப் போய்விடுகிறது. இன்னமும் மாமனார் பெயரிலேயே இருக்கிற வண்டியை மகன் ஓட்டி ஒரு விபத்து நேர்ந்துவிட்டால், நஷ்டஈடு விஷயத்தில் அலைச்சல் வீட்டுக்காரர்களுக்குத்தான். வாரிசுகளில் மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும். “அண்ணன் வண்டியை எடுத்துக்கிட்டாரு, என்னைக் கேட்கவே இல்லை” என்ற பேச்சு எழும் முன் கேட்டுவிடுவது மெக்கானிக் செலவைவிட மலிவு.

காரைக்காலுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரிப் பிரதேசம். நாகப்பட்டினத்திலோ மாயவரத்திலோ வாங்கிய தமிழ்நாட்டு நம்பர் வண்டி இங்கே எத்தனையோ வீட்டில் நிற்கிறது. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று கொண்டுவந்து, பி.ஒய்.02 என்று தொடங்கும் காரைக்கால் எண் வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸிஸ் எண்ணைத் துரு தின்றுவிட்டிருக்கிறதா என்று ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அலுவலகத்தில் அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். பெயிண்ட் அடிக்கிறவர் உற்சாகத்தில் அந்த இடத்தில் பட்டி பூசி வழவழப்பாக்கிவிட்டால் போயிற்று. வண்டி இருக்கும், அதன் ஜாதகம் இருக்காது.

காகிதம் சரிப்படாது என்று தெரிந்துவிட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு ரூபாயும் நஷ்டமில்லை.

உதைக்காதீர்கள்!

வண்டியை வெளியே உருட்டியதும் ஆண்பிள்ளைகளுக்கு ஓர் ஆவல் வரும்: ஏறி நின்று கிக்கரை ஓங்கி ஓர் உதை. தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பல வருஷம் நின்ற சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய துரு படிந்திருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் உதையில் ரிங் உடையும். சிலிண்டரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றிவிட்டு, துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரண்டு நாள் ஊற விட்டு, பிறகு கையால் மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். பழைய புல்லட்டுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நின்ற இடத்திலேயே அதன் ஆயில், தன் அறையிலிருந்து கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் போய்த் தேங்கிவிடும். எல்லாவற்றையும் வடித்து எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவதுதான் முதல் வைத்தியம்.

டாங்கைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை போய்ப் பழைய வார்னிஷ் நெடி அடித்தால் உள்ளே பிசினாகிவிட்டது என்று அர்த்தம். கார்புரேட்டரின் ஊசித் துளைகளும் அடைத்திருக்கும். டாங்குக்குள் துரு இருந்தால், கழுவிச் சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டுப் பெட்ரோல் ஊற்றக் கூடாது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் ஊறிக் கெடுக்கும். அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்ததல்ல. ஆகையால் பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுவதே மேல். டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடுவதும் இனிக் கூடாது.

இனி, பணம் போக வேண்டிய வரிசை. முதல் ரூபாய் நிற்பதற்கு. அதாவது பிரேக்குக்கும் டயருக்கும். புல்லட்டின் எடை ஏறக்குறைய 165 கிலோ. அதன்மேல் இரண்டு பேர். பழைய மாடல்களில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். உள்ளே இருக்கும் ஷூக்களின் பட்டை ஒட்டு விட்டுப் பெயர்ந்திருக்கலாம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்ற டயரின் பக்கச் சுவரில் நுணுக்கமான வெடிப்புகள் ஓடியிருக்கும். இரண்டு டயர், இரண்டு டியூப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். ஆரக்கம்பிகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். ‘டிங்’ என்று சொல்வது நல்லது. ‘டொக்’ என்பது தளர்ந்தது. உப்பு முதலில் குடியேறுவது அந்தக் கம்பி விளிம்பில் நுழையும் இடத்தில்தான்.

அடுத்த ரூபாய் வெளிச்சத்துக்கு. பழைய வயரை அங்கங்கே ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். கடற்கரையில் அது ஆகாது. செம்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பூத்துப்போய் இருக்கும். முழு வயரிங்கையும் மாற்றி, சட்டத்தோடு எர்த் பிடிக்கும் இடங்களையெல்லாம் சுரண்டி, உலோகம் தெரிய இறுக்க வேண்டும். சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே லாரி வரும்போது, முன்விளக்கு அகல் விளக்காக எரிந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

எஞ்சின் அதற்குப் பிறகுதான். சிலிண்டர் தேய்ந்திருந்தாலோ கீறியிருந்தாலோ லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் சிலிண்டரைக் கடைய வேண்டுமே தவிர, கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலையக் கூடாது. ரவிக்கைத் துணி எடுக்காமல் அளவுக்கு வெட்டினாற்போல் ஆகிவிடும். ரீபோர் ஆன பிறகு முதல் 500 கிலோமீட்டர் 50-ஐத் தாண்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்ற வேண்டும். நேரம் தவறிப் பொறி தட்டும் காண்டாக்ட் பாயிண்டையும், அதன் துணைவனான கண்டென்சரையும் மாற்றிவிட்டால், பாதி நாள் கிளம்பாத வண்டிகள் கிளம்பிவிடும். அற்ப விலைச் சாமான். அதன் பெயரால் எஞ்சினையே பிரித்துப் போட்ட பட்டறைகளும் உண்டு.

மெக்கானிக்குக்கு எங்கே போவது? பழைய புல்லட்டின் காதும் மூக்கும் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருவது உண்மை. கம்ப்யூட்டர் செருகிக் குறை பார்க்கிற பிள்ளைகளுக்குக் காண்டாக்ட் பாயிண்ட் ஒரு புராணப் பொருள். ஆனால் கடற்கரைக் கிராமத்தில் எஞ்சின் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. படகு எஞ்சினைக் காதால் கேட்டே நோய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடல் நீரில் ஓடிய அவுட்போர்டு எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பாலபாடம். உப்பின் சுபாவம் தெரிந்த ஒருவர், பட்டணத்துப் பெயிண்ட் நிபுணர் இருவருக்குச் சமம் என்பது என் கட்சி.

காலம் பார்ப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், வெயிலும் உலர்ந்திருக்கும். வண்டி வேலைக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனால் அந்த இரண்டு மாதமும் கையில் காசு இருக்காது. காசு புழங்கும் மாதங்களில் ஆள் கடலில்! இந்த வீடுகளில் பெண்கள்தான் மீனை விற்றுக் குடும்பக் கணக்கைப் பார்க்கிறார்கள். ஆகவே, டயரும் பிரேக்கும் தடைக்கு முன்பே வாங்கி வைத்து, தடைக்காலத்தில் கைவேலையைச் செய்வது என்று அவர்கள் முடிவு செய்தால் நடக்கும்.

வலது காலில் கியர்

வண்டி ஓடத் தயாராகிவிட்டது. ஓட்டுகிறவர் தயாரா?

பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பின் பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இன்றைய வண்டியில் எல்லாமே இதற்கு எதிர். மாமனாருக்குப் பழக்கமான வண்டி மகனுக்குப் பகையாக இருப்பது இங்கேதான். நிதானமாக இருக்கும்போது நினைவிருக்கும். குறுக்கே ஒரு ஆடு பாய்ந்தால் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்! குறைந்தது இரண்டு மூன்று வாரம், போக்குவரத்து இல்லாத விடிகாலையில், தனியாக ஓட்டிப் பழக வேண்டும். அதுவரை பின்னால் யாரும் ஏறக் கூடாது. வீட்டில் இன்னொரு புது வண்டியும் இருந்து, இன்று இது நாளை அது என்று மாற்றி மாற்றி ஓட்டுவது மகா ஆபத்து.

கிளப்புவதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து நடுவுக்கு வரும். அப்போது கைப்பிடியிலுள்ள டீகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டு, நெம்புகோலை விட்டுவிட்டு, ஒரே சீரான மிதி. பலம் வேண்டியதில்லை, இடம் தெரிந்தால் போதும். பெண்கள் தாராளமாகக் கிளப்பலாம். இடம் தெரியாமல் ஓங்கி உதைக்கிற பயில்வானைத்தான் அது திருப்பி உதைக்கும்.

பின்னால் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரு சக்கர வண்டியில் பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் படி, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருந்தே தீர வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ‘சேலை கார்டு’ என்று நாம் சொல்வது இதைத்தான். பழைய வண்டியைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் முதலில் கழற்றி எறிவதும் இதைத்தான்! அது இருந்தால் வண்டியின் அழகு கெடுகிறதாம். சேலைத் தலைப்பு ஆரக்கம்பியில் சுற்றினால் என்ன கெடும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. வண்டி பட்டறையிலிருந்து வந்ததும் இடது பக்கம் போய்ப் பாருங்கள். தடுப்பு இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஹெல்மெட்டும் இரண்டு வேண்டும். பின்சீட்டுக்காரருக்கு விலக்கு இல்லை.

எல்லாம் சரி, தினமும் ஓட்டுவது கட்டுமா? இதற்குத் தூரத்தைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். மேட்டிலிருந்து காரைக்கால் பாரதியார் சாலைக்குப் போய் வருகிற மூன்று நான்கு கிலோமீட்டருக்கு இந்த வண்டி வேண்டாம் என்பேன். அந்தத் தூரத்தில் எஞ்சின் முழுச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலில் கலந்து கெடுக்கும். கடைத்தெரு நெரிசலில் 165 கிலோவைத் தள்ளித் திருப்புவதும் லேசல்ல. அதற்கு ஒரு ஸ்கூட்டர் போதும். நாகப்பட்டினம் வரை சுமார் 20 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவருக்கோ, தரங்கம்பாடிப் பக்கம் வேலையிருப்பவருக்கோ இந்த வண்டி பொருந்தும். நல்ல நிலையில் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் வரை கொடுக்கும். காரைக்காலில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிடச் சற்று மலிவு என்பதும் கணக்கில் சேரட்டும். ஆனால் வாரத்துக்கொரு தரம் செயினைப் பார்ப்பது, நட்டுகளை இறுக்குவது, ஆயில் அளவு பார்ப்பது என்று ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாதவர் ஆரம்பிக்கவே வேண்டாம். இது கறவை மாடு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்று லீவு கேட்காது.

பெயிண்டும் குரோமும் கடைசியில். மிஞ்சிய பணத்தில், மிஞ்சினால். கடலோரத்தில் பளபளப்புக் குரோம் பூச்சு மலிவாகச் செய்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. அடியில் துரு புகுந்து வரட்டி மாதிரிப் பெயர்ந்து வரும். துருவை முழுதும் எடுத்து, நல்ல பிரைமர் அடித்து, சாதாரணக் கறுப்பு வர்ணம் பூசிவிட்டால் போதும். அப்பா ஓட்டிய காலத்து டாங்கில் பழைய எழுத்து லேசாகத் தெரிகிறது என்றால், அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் ஆசை. ஓடுவதற்கு அது தடையில்லை.

அடிச்சட்டத்தில் விரிசல் கண்டிருந்தால், அல்லது ஊசியால் குத்தினால் உள்ளே இறங்குகிற அளவுக்குக் குழாய் துருப்பிடித்திருந்தால் மட்டும், மனசைத் திடப்படுத்திக்கொண்டு இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான். எஞ்சினைத் தனியாகக் கழற்றி விலை பேசுங்கள். நல்ல எஞ்சினைத் தேடுகிற மெக்கானிக்குகள் எடைக்கு மேலேயே கொடுப்பார்கள். பதிவை ரத்துச் செய்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும்.

ஓடுகிற வண்டிக்கு அன்றாடச் செலவு ஒரு வாளி நல்ல தண்ணீர். கடற்கரைச் சாலையில் போய்விட்டு வந்த நாளில், எஞ்சின் ஆறிய பிறகு, சக்கரங்களுக்கும் ஆரக்கம்பிகளுக்கும் மட்கார்டின் அடிப்பக்கத்துக்கும் ஊற்ற வேண்டும். காண்டாக்ட் பாயிண்ட் இருக்கும் மூடியின்மேலும் கார்புரேட்டரின் மேலும் விடக் கூடாது. பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். காற்று வருகிற பக்கம் பார்த்து நிறுத்திவிட்டு, அந்தத் தார்ப்பாயை மட்டும் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.